மோட்டாருக்கு முத்திரை உண்டு, ஸ்டார்டரில் இருக்கும் சிம்முக்கு?

கங்காதர நெல்லூர் பக்கம் விவசாயம் என்றால் போர் மோட்டார்தான். சித்தூர் மாவட்டத்தில் ஆயிரம் அடி போர் போட்டேன் என்று சொன்னால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். நீவா ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் கொஞ்சம். கரும்பு, வேர்க்கடலை, மாட்டுக்கான பசுந்தீவனம், புதிதாக வைத்த மாங்கன்று எல்லாமே மோட்டார் ஓடினால்தான் உயிர்பிடிக்கும். த்ரீ பேஸ் கரண்ட் நள்ளிரவில் வந்தால் விவசாயியும் நள்ளிரவில் டார்ச்சோடு வரப்பில் இறங்க வேண்டியிருந்தது. பாம்புக் கடியும், ஈரக்கையோடு ஸ்டார்டரைத் தொட்டு அடித்த ஷாக்கும் அந்தக் காலத்தின் மிச்சங்கள். பகலில் ஒன்பது மணி நேரம் இலவச மின்சாரம் என்று ஆந்திர அரசு பிறகு அறிவித்தது. நிலைமை மேம்பட்டது. ஆனாலும் போன கரண்ட் எப்போது திரும்பும் என்பது லைன்மேனுக்கே தெரியாத நாட்கள் உண்டு.

இந்த அலைச்சலை ஒழிக்க வந்ததுதான் மொபைல் ஸ்டார்டர். ஸ்டார்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. முதலில் வந்தவை 2ஜி கருவிகள். அந்த எண்ணுக்கு போன் போட்டு ஓர் எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும், இன்னோர் எண்ணை அழுத்தினால் நிற்கும். புனேயிலிருந்து வந்த நானோ கணேஷ், பெங்களூரிலிருந்து வந்த கிசான் ராஜா போன்றவை இதில் முன்னோடிகள். இப்போது காலம் 4ஜிக்கு நகர்ந்துவிட்டது. கைபேசியில் ஒரு செயலி. செயலி பேசுவது எங்கோ இருக்கும் கிளவுட் சர்வரிடம். சர்வர் பேசுவது வயலில் இருக்கும் பெட்டியிடம். அப்பா ஊரில் இருக்க, பெங்களூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை பார்க்கும் மகன் ஷிஃப்டுக்கு நடுவே மோட்டாரைப் போட்டு நிறுத்துகிறார். விவசாயிக்கு இதைவிடப் பயனுள்ள மின்னணுக் கருவி அண்மைக் காலத்தில் வந்ததாகத் தோன்றவில்லை.

ஆனால் மகனின் கைபேசியிலிருந்து அப்பாவின் மோட்டார் வரை அந்தக் கட்டளை போகும் வழிக்கு யார் பொறுப்பு? மோட்டாருக்கு ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குகிறோம். கேபிளுக்கும் பார்க்கிறோம். 2004இல் இலவச மின்சாரம் வந்த கையோடு கெபாசிட்டர் வை, உராய்வு குறைந்த ஃபுட் வால்வு போடு, தரமான பைப் போடு என்று ஆந்திர அரசு நிபந்தனைகளே விதித்தது. அந்த மோட்டாரையே ஓட்டவும் நிறுத்தவும் அதிகாரம் பெற்ற சிம் கார்டு யாரோடு பேசுகிறது, என்ன பூட்டோடு பேசுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டுவார். கம்பெனி சர்வர் வாடகைக்கு விட்டவரைக் கைகாட்டும். அவர் சிம் நிறுவனத்தை. சிம் நிறுவனம், 'எங்கள் வேலை சிக்னல் கொடுப்பது' என்று முடித்துக்கொள்ளும்.

'யாரோ என் மோட்டாரைப் போட்டுவிட்டால் என்ன ஆகிவிடும்? கொஞ்சம் தண்ணீர் வீண்' என்று கேட்கலாம். ஒரு மோட்டாருக்கு அந்தக் கேள்வி சரி. வறண்ட போரில் மோட்டார் வெறுமனே ஓடினால் காயில் கருகும், ரீவைண்டிங் செலவு தலையில் விழும்; அதுவும் ஒரு வீட்டு நஷ்டம்தான். பல மோட்டார்கள் ஒரே நொடியில் எழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு விடை இந்த மாவட்டத்து லைன்மேன்களுக்குப் பல ஆண்டுகளாகவே தெரியும்.

ஆட்டோ ஸ்டார்டர் என்று ஒன்று உண்டு. கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைக் கிளப்பிவிடும். வசதிதான். ஆனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் இருக்கும் எல்லாரும் அதை வைத்திருந்தால், கரண்ட் வந்த அந்த நொடியே எல்லா மோட்டார்களும் ஒன்றாக எழும். நேரடியாகக் கிளப்பும் இண்டக்‌ஷன் மோட்டார் எழும்போது, ஓடும்போது இழுப்பதைவிட ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும். ஃபியூஸ் போகும், டிரான்ஸ்ஃபார்மர் எரியும், பழுது பார்த்துத் திரும்பி வரும்வரை பயிர் காயும். அதனால்தான் ஆட்டோ ஸ்டார்டரைக் கழற்றச் சொல்லி மின்வாரியங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கரடியாய்க் கத்துகின்றன.

இப்போது அந்த ஆட்டோ ஸ்டார்டரின் பொத்தான் வயலில் இல்லை, ஒரு கிளவுட் சர்வரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழரை எச்பி மோட்டார் ஒன்று சுமார் 5.6 கிலோவாட். பத்தாயிரம் மோட்டார் என்றால் 56 மெகாவாட். எழும் நொடியில் இழுப்பது அதற்கும் பல மடங்கு. ஒரே நிறுவனத்தின் சர்வருக்குள் நுழைந்த ஒருவர் அத்தனையையும் ஒன்றாகப் போடலாம், ஒன்றாக நிறுத்தலாம். இது வெறும் கற்பனை இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இதையே கணித்துக் காட்டினார்கள்: ஏசி, ஹீட்டர் போன்று அதிக மின்சாரம் இழுக்கும் இணையக் கருவிகளை ஒருவர் கூட்டமாகக் கைப்பற்றினால், மின்நிலையத்தைத் தொடாமலே மின்கட்டமைப்பைத் தடுமாற வைக்கலாம். அவர்கள் வீட்டுக் கருவிகளை மனதில் வைத்து எழுதினார்கள். சித்தூர் மாவட்டத்து போர் மோட்டார்களைப் பார்த்திருந்தால் கட்டுரைக்கு இன்னும் வலுவான உதாரணம் கிடைத்திருக்கும்.

தாக்குதல்கூட வேண்டாம், தவறே போதும். 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி. உத்தரப் பிரதேசத்தில் ஸ்மார்ட் மீட்டர் வைத்திருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் திடீரென்று கரண்ட் போனது. பண்டிகை நாளில் ஊரே கொதித்தது. புயலும் இல்லை, லைன் பழுதும் இல்லை. மத்தியில் இருந்த கணினி அமைப்பிலிருந்து மீட்டர்களுக்குத் தவறான துண்டிப்புக் கட்டளை போயிருந்தது. மாநில அரசு சிறப்பு அதிரடிப் படையை விசாரணைக்கு இறக்கியது. பாதுகாப்பு என்றதும் நாம் திருடனையே நினைக்கிறோம். ஒரு கட்டளை ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குப் போகலாமா என்று குறுக்கே நின்று கேட்கும் அமைப்பு இல்லாததும் பாதுகாப்புக் குறைதான்.

நடுவழியில் என்ன நடக்கிறது?

கருவியும் கிளவுடும் பேசிக்கொள்ள உலகம் முழுக்கப் பெரும்பாலும் பயன்படுவது எம்க்யூடிடி என்ற முறை. 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது. பாலைவனத்தில் போகும் எண்ணெய்க் குழாயைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க வேண்டும், அதற்கு ஆகும் தரவுச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதே அப்போதைய தேவை. அந்தச் சிக்கனத்தால்தான் சிக்னல் திக்கித் திணறும் கிராமத்து வயலுக்கும் அது பொருந்திப்போனது. நடுவில் ஒரு தரகு சர்வர் இருக்கும். கருவிகள் தத்தம் தலைப்பில் செய்தியைப் போடும். வேண்டியவர்கள் அந்தத் தலைப்பைக் கேட்பார்கள். பூட்டு போடுவதும் போடாததும் அமைப்பவரின் விருப்பம். வம்பு அங்கேதான். 2018இல் அவாஸ்ட் நிறுவனம் தேடிப் பார்த்தபோது இணையத்தில் வெட்டவெளியில் தெரிந்த எம்க்யூடிடி சர்வர்கள் 49,000க்கும் மேல். அவற்றில் 32,000க்கும் மேற்பட்டவற்றுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. 'எல்லாத் தலைப்பும் வேண்டும்' என்று ஒரே ஒரு குறியைப் போட்டால் போதும், அங்கே நடக்கும் பேச்சு முழுவதும் காதில் விழும்.

கடவுச்சொல் வைத்தவர்களும் செய்யும் தவறு ஒன்று உண்டு. விற்ற அத்தனை கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல். ஊரில் எல்லா வீட்டுக் கதவுக்கும் ஒரே சாவி போட்டதுபோல. மோட்டார் கடையில் பழுது பார்க்கும் பையன் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே சர்க்யூட் போர்டில் சோதனைக்காக விட்டுவைத்த நாலு ஊசியில் வயரைச் செருகி அந்தச் சாவியை எடுத்துவிட்டால், எல்லாப் பெட்டியும் அவன் கையில். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சாவி வேண்டும். அதை வெளியே எடுக்க முடியாத ஒரு சிறு சிப்புக்குள் வைக்க வேண்டும். ஒரு கருவி களவு போனால் அந்த ஒன்றின் சாவியை மட்டும் சர்வரில் ரத்து செய்ய முடிய வேண்டும்.

அடுத்தது இருபக்கச் சரிபார்ப்பு. வங்கிச் செயலியில் நடப்பதைப் போலச் செய்தி பூட்டப்பட்டுத்தான் போகிறது என்று பல நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. யாரிடம் போகிறது என்று கருவி சரிபார்க்கிறதா என்பதை விளம்பரத்தில் சொல்வதில்லை. சர்வர் தன் சான்றைக் காட்ட வேண்டும். கருவி அதை ஆராய வேண்டும். கருவியும் தன் சான்றைக் காட்ட வேண்டும். மலிவான கருவிகள் இந்த ஆராய்ச்சியைத் தவிர்ப்பதற்குச் சிரிப்பூட்டும் ஒரு காரணம் உண்டு: அவற்றுக்கு மணி தெரியாது. சான்றின் காலம் தொடங்கியதா, முடிந்ததா என்று பார்க்க இன்றைய தேதி தெரிய வேண்டும். கரண்ட் போய் வந்தால் சில கருவிகளின் கடிகாரம் 1970க்குப் போய்விடும். சான்று செல்லாது என்று இணைப்பு அறுந்து, வாடிக்கையாளர் புகார் செய்வார். தொல்லை எதற்கு என்று நிரல் எழுதுபவர் சரிபார்ப்பையே எடுத்துவிடுவார். செல்போன் கோபுரத்திலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அதை எழுதக் கூடுதலாகக் கொஞ்சம் உழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை பொறியியல் படித்த எந்தப் பிள்ளையும் தன் வீட்டுக் கருவியில் செய்து பார்க்கக்கூடியது. செயலி சர்வருக்கு அனுப்பும் கோரிக்கையில் கருவியின் எண் இருக்கும். சர்வர் அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கட்டளையை அனுப்புகிறதா, இல்லை அந்தக் கருவி இந்த ஆளுக்குச் சொந்தம்தானா என்றும் பார்க்கிறதா? எண்ணை மட்டும் பார்த்தால், கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்டினால் வேறொருவர் வயலில் மோட்டார் ஓடும். நாலு வயலுக்கு அப்பால் தண்ணீர்த் தகராறில் இருக்கும் பங்காளிக்கு இதைவிட எளிய ஆயுதம் கிடைக்காது. கிராமத்தில் இணையத் தாக்குதலை ரஷ்யாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ எதிர்பார்க்கத் தேவையில்லை. வாய்க்கால் தகராறே போதும்.

பழைய 2ஜி பெட்டிகள் வேறு வகைச் சிக்கல். அழைக்கும் எண்ணைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பவை அவை. அழைக்கும் எண்ணைப் போலியாகக் காட்டுவது இன்று பெரிய வித்தை இல்லை. எஸ்எம்எஸ் கட்டளையில் இயங்குபவற்றில் நான்கு இலக்க ரகசிய எண் இருக்கும். அது 1234 ஆகவோ 0000 ஆகவோ கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் ரகசியம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, கிளவுடு சொன்னாலும் கருவி மீறாத எல்லைகள். மோட்டாரைப் போடு என்று கட்டளை வந்தால், ஒவ்வொரு பெட்டியும் தனக்கென்று சில நொடிகள் முதல் சில நிமிடங்கள் வரை தாமதித்துப் போடட்டும். ஒரு மணி நேரத்தில் இத்தனை முறைக்கு மேல் போட்டு நிறுத்த மாட்டேன் என்று அதுவே மறுக்கட்டும். தண்ணீர் இல்லையென்றால் சர்வர் என்ன சொன்னாலும் நிற்கட்டும். பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் பெட்டியின் மேல் இருந்தே ஆக வேண்டும். கம்பெனி மூடிவிட்டாலும், சர்வர் வாடகை கட்டாமல் போனாலும், விவசாயி தன் கையால் மோட்டாரைப் போட முடிய வேண்டும். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுக் கருவியை வாங்கியவர்கள் 2016இல் இந்தப் பாடத்தைப் படித்தார்கள். நிறுவனம் சர்வரை நிறுத்தியதும் காசு கொடுத்து வாங்கிய பெட்டி காயலான் கடைச் சரக்காகிவிட்டது.

கேமராவுக்கு வந்த விதி

இதெல்லாம் இந்திய நிலைமைக்கு ஒத்துவராத பேச்சு என்று யாராவது சொன்னால், கங்காதர நெல்லூரிலிருந்து திருப்பதிவரை போய்ப் பார்க்கச் சொல்லலாம். டிக்சன் நிறுவனமும், சிபி பிளஸ் கேமராக்களை விற்கும் ஆதித்யா இன்ஃபோடெக்கும் 2017இல் கூட்டுச் சேர்ந்து திருப்பதியில்தான் சிசிடிவி கேமரா தயாரிக்கத் தொடங்கின. பிறகு கடப்பா அருகே கொப்பர்த்தியில் பெரிய ஆலை வந்தது. ரேணிகுண்டா பக்கத்து மின்னணுத் தொழிற்பேட்டைகள், ஸ்ரீசிட்டி என்று இந்த வட்டாரமே கருவி செய்யும் வட்டாரமாகிவிட்டது. அந்தக் கேமராக்களுக்குத்தான் இந்தியா கடுமையான இணையப் பாதுகாப்பு விதியைக் கொண்டுவந்தது. 2024 ஏப்ரல் 9 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. அக்டோபரில் நடைமுறைக்கு வரவிருந்தது, நிறுவனங்கள் அவகாசம் கேட்டதால் 2025 ஏப்ரல் 9க்குத் தள்ளிப்போனது. இனி விற்கும் இணையக் கேமராவின் வன்பொருள், மென்பொருள், மூல நிரல் வரை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட வேண்டும். செய்தி பூட்டப்பட்டுப் போக வேண்டும். சோதனைக்கான வாசல்கள் அடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி? அரசு அலுவலகங்களில் சீன நிறுவனங்களின் கேமராக்கள் பத்து லட்சம் இருப்பதாகவும், காட்சிகள் வெளிநாட்டு சர்வர்களுக்குப் போகும் பலவீனம் இருப்பதாகவும் 2021இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. உலக அளவில் பாடம் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. 2016இல் மிராய் என்ற நிரல், கம்பெனி கொடுத்த அறுபது சொச்சம் பயனர் பெயர்-கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் வீடியோப் பெட்டிகளையும் வசப்படுத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணைய முகவரிச் சேவை தரும் டின் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்களைப் பல மணி நேரம் முடக்கியது. எழுதியவர்கள் உலகப் பயங்கரவாதிகள் அல்ல, இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். 2021 மார்ச்சில் வெர்கடா நிறுவனத்தில் நடந்தது வேறு ரகம். அங்கே கேமராவில் ஓட்டை இல்லை. கிளவுடு பக்கத்து நிர்வாகிக் கணக்கின் விவரம் இணையத்தில் கிடந்தது. அதை வைத்து மருத்துவமனை, சிறை, தொழிற்சாலை என்று ஒன்றரை லட்சம் கேமராக்களின் காட்சிகளை எட்டிப் பார்த்தார்கள். நம் நாட்டில், ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் விலைக்குப் போனது 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. கடவுச்சொல், கம்பெனி கொடுத்த 'அட்மின்123'தான் என்று செய்திகள் சொல்லின. அந்தப் பெண்களின் மானத்துக்கு எந்தக் கம்பெனி ஈடு கொடுக்கும்?

கேமராவுக்கு விதி வந்துவிட்டது. நல்லது. இந்த வட்டாரத்தில் தயாரான கேமரா இந்தச் சோதனையைத் தாண்டித்தான் கங்காதர நெல்லூர் கடைக்கு வர வேண்டும். அதே கடையில் பக்கத்து அலமாரியில் இருக்கும் மொபைல் ஸ்டார்டருக்கு அப்படிப்பட்ட சோதனை இல்லை. பார்க்க மட்டும் தெரிந்த கருவிக்குப் பூட்டு. மின்சாரத்தைத் திருப்பிவிடும் கருவிக்கு இல்லை. இந்த முரண்பாட்டுக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

விதி எழுத வெள்ளைத்தாளிலிருந்து தொடங்கவும் வேண்டாம். தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் நுகர்வோர் இணையக் கருவிகளுக்கான நடைமுறைத் தொகுப்பை வெளியிட்டுவிட்டது. பொதுக் கடவுச்சொல் கூடாது என்பதுதான் அதில் முதல் விதி. ஆனால் அது வெறும் வழிகாட்டி. பின்பற்றாதவரை யாரும் ஏன் என்று கேட்க முடியாது. கருவிகளுக்கான சிம் கார்டுகள் முன்பே பதிந்த எண்களோடும் சர்வர் முகவரிகளோடும் மட்டுமே பேச வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2018இலேயே கட்டுப்பாடு வகுத்தது. 13 இலக்க எண்ணும் அவற்றுக்குத் தனியாக ஒதுக்கியது. நல்ல விதி அது. சர்வரில் ஓட்டை இருந்தாலும் வெளியாள் நேரே பெட்டியை அழைக்க முடியாது. ஆனால் விவசாயி தன் பெயரிலோ மகன் பெயரிலோ வாங்கிய சாதாரண சிம்மைப் பெட்டிக்குள் செருகினால் இந்தக் கட்டுப்பாடு எதுவும் அதைத் தொடாது. கட்டணம் குறைந்த ரீசார்ஜ் பார்த்துச் சிம் மாற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கருவிகளுக்கான சிம்மை மலிவாக, கடையிலேயே கிடைக்கும்படி செய்வதுதான் வழி.

வெளிநாடுகள் நம்மைவிட அதிக தூரம் போய்விடவில்லை. பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் பொதுக் கடவுச்சொல்லோடு இணையக் கருவி விற்பதைத் தடை செய்தது. எத்தனை காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தில் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வருகின்றன. ஓடிப் பிடிக்கக்கூடிய தூரம்தான்.

சிறு உற்பத்தியாளர்கள் நசுங்கிவிடுவார்கள் என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். கோவையிலும் பெங்களூரிலும் ராஜ்கோட்டிலும் பத்துப் பதினைந்து பேரை வைத்து ஸ்டார்டர் செய்யும் பட்டறைகள் உண்டு. கேமரா விதியின் முழுச் சுமையை அவர்கள் தலையில் வைத்தால், மிஞ்சுவது நாலு பெரிய கம்பெனிகளாகத்தான் இருக்கும். ஆய்வகங்களில் வரிசை நீளும் என்று கேமரா நிறுவனங்களே புலம்பியதைப் பார்த்தோம். அதனால் ஸ்டார்டருக்கு அறுபது பக்க விதி வேண்டாம். தனிச்சாவி, இருபக்கச் சரிபார்ப்பு, கம்பெனியின் மின்கையெழுத்து இருந்தால்தான் கருவி ஏற்கும் மென்பொருள் புதுப்பிப்பு, கிளவுடு மீறாத எல்லை, கைப்பொத்தான். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். மாதிரி நிரலை அரசு நிறுவனம் ஒன்று எழுதி இலவசமாகக் கொடுக்கலாம். திருப்பதியில் ஐஐடி இருக்கிறது. பக்கத்து மாவட்டத்து வயலில் இருக்கும் பெட்டியை மேசையில் வைத்து உடைத்துப் பார்க்க அங்கே மாணவர்களுக்குப் பஞ்சமிருக்காது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வாங்குபவர் கையில் அதிகாரம் இருக்கிறது, வாங்குபவர் பல இடங்களில் அரசுதான். பிஎம்-குசும் திட்டத்தில் மானியத்தோடு தரும் சோலார் பம்புகளுக்குத் தொலைக் கண்காணிப்புக் கருவி கட்டாயம். டெண்டர் ஆவணத்தில் பேனலின் வாட்டையும் பம்பின் எச்பியையும் வரிவரியாகக் கேட்பவர்கள், அந்தக் கருவியின் பூட்டைப் பற்றியும் கறாராகக் கேட்டு, பொருத்திய பின் நாலைந்து கருவிகளைத் தாறுமாறாக எடுத்துச் சோதித்தால் சந்தையே திருந்தும்.

ஸ்மார்ட் மீட்டர் இன்னும் பெரிய கதை. 2021இல் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் மின்விநியோகச் சீரமைப்புத் திட்டம் நாடு முழுக்க 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தது. ஆந்திராவில் வேளாண் மோட்டார்களுக்கு மீட்டர் என்று ஜெகன் அரசு கிளம்பியபோது தெலுங்கு தேசமும் இடதுசாரிகளும் கடுமையாக எதிர்த்தன. 2024இல் ஆட்சி மாறியது. பில் ஏறுமா, இலவச மின்சாரம் போய்விடுமா, ஒப்பந்தம் யாருக்கு என்பதே இருதரப்புச் சண்டையும். நியாயமான கேள்விகள்தான். ஆனால் அலுவலகத்திலிருந்து ஒரு சொடுக்கில் லட்சம் வீட்டு மின்சாரத்தை வெட்டும் அதிகாரம் எத்தனை பேர் கையெழுத்துக்குப் பின் நகரும், உத்தரப் பிரதேசத்தில் நடந்தது இங்கே நடக்காது என்பதற்கு என்ன ஏற்பாடு என்று சட்டமன்றத்தில் கேட்டவர் யார்?

பாலும் இந்தக் கணக்கில் வரும். சித்தூர் பால் மாவட்டம். 1992இல் உருவான ஹெரிடேஜ் பால் நிறுவனத்தின் வேரும் இங்கேதான். பல சேகரிப்பு மையங்களில் எடை, கொழுப்பு அளவு எல்லாம் இயந்திரம் எடுத்து நேரே சர்வருக்கு அனுப்புகிறது. விவசாயிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. வழியில் யாராவது கொழுப்பு 4.2ஐ 4.0 ஆக்கினால் கறவைக்காரருக்குத் தெரியவே தெரியாது. திருட்டு ரூபாய்க் கணக்கில் சிறியது. தினம் இரண்டு வேளை நடப்பது.

கங்காதர நெல்லூர்த் தொகுதிக்குள்ளேயே, கார்வேட்டிநகரம் பக்கம் கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கம் இருக்கிறது. அதைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டு வரை வெள்ள எச்சரிக்கை போகும். மதகுகளையும் தொலைவிலிருந்து இயக்கும் காலம் இது. நார்வேயில் 2025 ஏப்ரலில் யாரோ ஓர் அணையின் கட்டுப்பாட்டு அமைப்புக்குள் நுழைந்து வால்வைத் திறந்துவிட்டார்கள். நான்கு மணி நேரம் தண்ணீர் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். காரணம் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல். ஆள் சேதம் இல்லை, அது சின்ன அணை. மதகுக்கு மின்னணுப் பொத்தான் வைக்கும் பொறியாளர்கள் இந்த நிகழ்வைப் படித்துவிட்டு வைக்கட்டும்.

விவசாயிகள் தங்கள் பங்குக்கு இன்றே செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. மொபைல் ஸ்டார்டரின் ரகசிய எண் கம்பெனி கொடுத்ததாகவே இருந்தால் மாற்றுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் கருவி எண்ணையும் க்யூஆர் குறியையும் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கைபேசி தொலைந்தாலோ விற்றாலோ செயலிக் கணக்கின் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். அடுத்த ஸ்டார்டர் வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'சர்வர் போனாலும் கையால் போட முடியுமா? எத்தனை வருஷம் அப்டேட் வரும்?' பதில் தெரியாத கடைக்காரர் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்பார். பத்து கடைக்காரர் கேட்டால் கம்பெனிக்கும் உறைக்கும்.

மற்றதெல்லாம் அரசின் வேலை. ஆந்திராவின் தென்பகுதி மின்விநியோக நிறுவனத்தின் தலைமையகம் திருப்பதியில் இருக்கிறது. எரிந்த டிரான்ஸ்ஃபார்மர்களுக்குச் செலவழிப்பதும் அந்த நிறுவனம்தான். சிம் உள்ள ஸ்டார்டருக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதி வேண்டும், தாமதித்துக் கிளப்பும் அமைப்பு கட்டாயமாக வேண்டும் என்று மத்திய மின்னணு அமைச்சகத்துக்கு முதல் கடிதம் அங்கிருந்து போக வேண்டும்.